மனேஜரை விட நசீரை

முதல் நாள்

கண்டி டவுனிலிருந்து ஹந்தானைக்கு ஏறும் பாதையில் இருந்த ஒரு சிறிய ஹோட்டலில் எனக்கு ரிசர்வேஷன் வேலை கிடைத்தது. போய்ச் சேர்ந்த அன்று கையில் கொடுத்த முதல் வேலை, அச்சுக்குப் போகவிருந்த ஒரு விளம்பரத் தாளைப் பிழை பார்ப்பது. பிழை பார்க்கச் சொன்னவர் மனேஜர் குகதாசன் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, குறைந்த பேச்சு. விளம்பரத்தை எழுதியவரும் அவர்தான் என்பது எனக்குத் தெரியாது.

தாளின் நடுவில் பெரிய எழுத்தில் இருந்த வசனம் இது:

The view from our rooms is better than any hotel in Kandy.

நான் பேனாவை எடுத்து அதன் கீழே கோடு போட்டேன். சேர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்ன பிள்ளை, பிழை ஒண்டும் இல்லைத்தானே?"

"ஒண்ணு இருக்குங்க சேர். நம்ம ரூம்ல இருந்து தெரியிற காட்சிய, மத்த ஹோட்டல்களோட ஒப்பிட்டிருக்காங்க. காட்சிய இன்னொரு காட்சியோடதானே ஒப்பிடணும்? ஹோட்டலோட எப்படி ஒப்பிடுறது?"

"வாசிக்கிறவனுக்கு விளங்கும் எல்லோ?"

"விளங்கும் சேர். ஆனா கொஞ்சம் சிரிச்சிட்டுத்தான் விளங்கிக்குவாங்க."

அவர் புருவத்தைச் சுருக்கினார். முதல் நாளே வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து பிளேன்டீ கொண்டுவந்த குசினித் தலைவர், தலைமைச் சமையல்காரர் நசீர் நானா, தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"அப்ப, எங்கட சோறு மத்த ஹோட்டல விட வெள்ளைண்டு எழுதினா, மத்த ஹோட்டலுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்க வேண்டி வரும் போல ஈக்கே, சேர்!"

குகதாசன் சேர் வாய்விட்டுச் சிரித்தார். "சரி, சரி. அப்ப ஒருத்தரும் சிரிக்காத மாதிரி எழுது" என்று தாளை என்னிடம் தள்ளினார். நான் than-க்குப் பிறகு the view from என்பதைத் திரும்பவும் சேர்த்தேன். any என்பதை any other என்று மாற்றினேன். எங்கள் ஹோட்டலும் கண்டியில்தானே இருக்கிறது; other இல்லாவிட்டால் எங்களை விட நாங்களே மேல் என்று ஆகிவிடும்.

அன்று முதல் அந்த ஹோட்டலில் ஆங்கிலத்தில் எழுதப்படும் எதுவும் என் மேசைக்கு வராமல் வெளியே போனதில்லை. பெரிய தத்துவம் எல்லாம் இல்லை. ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் ஒரே சாதிப் பொருளாக, ஒரே வடிவமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். குட்ஸ் ஷெட் பஸ் நிலையத்திலிருந்து வரும் விருந்தினர்களுக்காக, It is easier to come by three-wheeler than walking என்று ஒரு அறிவித்தல் எழுதியிருந்தார்கள். ஒரு காலில் சப்பாத்தும் மற்றக் காலில் செருப்பும் போட்டதுபோல முன்னால் to come, பின்னால் walking. பின்னதை to walk என்று மாற்றினேன். இப்படிச் சின்னச் சின்ன வேலைகள். ஒரு வசனத்தால் ஒரு குசினியே காலியாகப் பார்க்கும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

நசீர் நானாவின் லீவு

நசீர் நானாவுக்குத் திகனவில் வீடு. அவருடைய பொலொஸ் என்ற பிஞ்சுப் பலாக்காய்க் கறிக்காகவும் காலை அப்பத்துக்காகவும் திரும்பத் திரும்ப வருகிற விருந்தினர்கள் இருந்தார்கள். திகன பக்கத்தில் ஒரு பெரிய ஹோட்டல் அவரை வரச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டிருந்தது. வீட்டிலிருந்து நடந்தே போகலாம், சம்பளமும் கூட. நானா போகவில்லை. காரணம் கேட்டால், "சேர் நல்ல மனிசன், மிஸ். குசினிக்குள்ள வந்து மூக்க நுழைக்க மாட்டார்" என்பார். குகதாசன் சேரும் அப்படித்தான். குசினி வாசலில் நின்று கதைப்பாரே தவிர, அனுமதி கேட்காமல் உள்ளே காலெடுத்து வைக்க மாட்டார்.

நானாவின் ஒரே மகளுக்குக் கலியாணம் வந்தது. முதல் தடவையாக நீண்ட லீவு எடுத்தார். அவருக்குப் பதிலாகக் கொழும்பிலிருந்து ஒரு சமையல்காரரை வரவழைத்தோம். அவர் குசினியைச் சுற்றிப் பார்த்தார், அடுத்த நாள் காலையில் ஆள் இல்லை. மழையும் குளிரும் ஒத்துவரவில்லை என்று போனில் செய்தி மட்டும் வந்தது.

அன்றைக்கு மத்தியானம் வரவிருந்தவர்கள் ஹார்லோ தம்பதி. இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற பிறகு ஒவ்வொரு வருடமும், பெரஹரா ஊர்வல நெரிசல் அடங்கியதும் எங்களிடம் வந்து ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள், தங்குகிறவர்கள். என்ன செய்வது என்று நாங்கள் முழித்துக்கொண்டிருந்தபோது, குகதாசன் சேர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குசினிக்குள் போனார்.

"சேர், நசீர் நானாவுக்கு ஒரு போன் கோல் எடுப்போமா? யாராவது தெரிஞ்சவங்கள அனுப்புவாரு" என்று கேட்டேன்.

"வேண்டாம். அவனுக்கு ஒருத்தரும் சொல்லக் கூடாது. சொன்னா, கலியாண வீட்டை விட்டுப்போட்டு அடுத்த பஸ்ஸில ஓடி வந்து நிப்பான். பிள்ளையின்ர கலியாணம் ஒருக்காத்தானே நடக்குது."

என்னிடமும், குசினி உதவிக்கு இருந்த சுமனா அக்காவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தக் கிழமை முழுதும் அவர்தான் சமைத்தார். அம்மாவின் கைப்பக்குவம் என்று சொல்லிக்கொண்டு கத்தரிக்காய்க் குழம்பு, மீன் குழம்பு, சொதி என்று வைத்தார். மிளகாய்த்தூளை அளந்து போடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. சுமனா அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு பின்கதவால் ஓடுவதை நான் ரிசப்ஷனிலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு சாப்பாட்டு வேளையிலும் சேர் ஏப்ரனோடு வெளியே வந்து, ஹார்லோ தம்பதியின் மேசை அருகே நின்று, "எல்லாம் சரியா?" என்று கேட்பார். அவர்கள் "மிகப் பிரமாதம்" என்பார்கள். சேரின் முகம் மலரும்.

அவர்கள் புறப்பட்ட அன்று காலை, சேர் கொழும்பில் முதலாளியைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. வருடா வருடம் வாசலில் நின்று கையசைத்து அவர்களை வழியனுப்புகிறவர் அவர். அந்த முறை முடியவில்லை. நான்தான் அனுப்பினேன்.

அந்தக் கொமெண்ட்

விருந்தினர்கள் இணையத்தில் எழுதும் கொமெண்டுகளுக்குப் பதில் போடுவதும் என் வேலை. இரண்டு நாளில் மிஸிஸ் ஹார்லோவின் கொமெண்ட் வந்தது. ஐந்து நட்சத்திரமும் கொடுத்திருந்தார். அறை, தோட்டம், மலை எல்லாவற்றையும் புகழ்ந்துவிட்டுக் கடைசியில் ஒரு வசனம்:

We missed Nazeer more than the manager.

நான் வாசித்து முடிக்கும் முன்பே சேர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். முகம் இறுகிப்போயிருந்தது.

"பாத்தியோ பிள்ளை? போகேக்க நான் இல்லை எண்டது அவைக்குப் பெரிய விசயமே இல்லையாம். என்னை விட நசீரைத்தான் தேடினவையாம். ஒரு கிழமை அடுப்புக்க நிண்டு வெந்தது ஆர்? நானோ அவனோ?"

"அப்படி ஒண்ணும் நினைச்சு எழுதியிருக்க மாட்டாங்க, சேர்."

"எழுதியிருக்குத்தானே, பார்" என்று போனை மேசையில் வைத்தார். கையில் எண்ணெய் பட்ட கொப்புளம் ஒன்று இன்னும் ஆறாமல் இருந்தது.

அடுத்த நாள் காலை நசீர் நானா வேலைக்குத் திரும்பினார். ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கலியாண வீட்டு இனிப்பான வட்டிலப்பம் கொண்டுவந்திருந்தார். முதல் துண்டை வெட்டித் தட்டில் வைத்துச் சேரின் அறைக்கு எடுத்துப் போனார். "கலியாணம் முடிஞ்சுதோ? சரி. வேலையைப் பார்" என்று தலையை நிமிர்த்தாமலே சேர் சொன்னாராம். மத்தியானம் போய்ப் பார்த்தபோது அந்தத் தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது.

அன்று பின்னேரம் நானா என்னிடம் வந்தார். அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டது அன்றுதான்.

"மிஸ், நான் திகன ஹோட்டலுக்கே போகப் போறேன். வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சு வந்து பாக்கச் சொல்லி ஈக்காங்க."

"என்ன நானா திடீர்னு?"

"அந்தக் கொமெண்ட நானும் பாத்தேன். எனக்கும் இங்கிலிஷ் கொஞ்சம் வெளங்கும்தானே. வருசத்துக்கு ஒருக்கா வாற வெள்ளக்காரங்களுக்கு நான் இல்லாத கொற தெரிஞ்சிச்சு. சேருக்கு அந்தளவுக்குத் தெரியல்லயாம். அவங்களுக்கே அது வெளங்கி ஈக்கு, பாருங்க. நானும் பொய்ண்டுதான் நெனச்சேன். ஆனா இண்டைக்கு சேர்ட மொகத்தப் பாத்தேன். உண்மதான்."

நான் அந்தக் கொமெண்டைத் திரும்பத் திறந்து வாசித்தேன். சேர் கோபித்தது ஒரு வசனத்துக்கு. நானா மனம் உடைந்தது இன்னொரு வசனத்துக்கு. எழுத்து என்னவோ இரண்டும் ஒன்றே.

ஒரே எழுத்து, இரண்டு வசனம்

இதை வேலைக்குப் புதிதாக வரும் இளையவர்களுக்குக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும்.

ஆங்கிலத்தில் ஒப்பிடும்போது, than-க்குப் பிறகு வரவேண்டிய சொற்களில் பாதியை விழுங்கிவிடுவார்கள். கேட்பவர் தானே நிரப்பிக்கொள்வார் என்ற நம்பிக்கை. பெரும்பாலும் சரியாகத்தான் நிரப்புவோம். சில வேளை இரண்டு விதமாக நிரப்பலாம். குகதாசன் சேர் நிரப்பியது இப்படி: We missed Nazeer more than we missed the manager. நசீர் நானா நிரப்பியது இப்படி: We missed Nazeer more than the manager missed him.

தமிழில் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. 'மனேஜரை விட நாங்கள்தான் நசீரைத் தேடினோம்', 'நாங்கள் மனேஜரை விட நசீரைத்தான் தேடினோம்' என்று சொல்லை இடம் மாற்றியும் ஒரு 'தான்' போட்டும் பொருளைப் பிரித்துவிடலாம். ஆங்கிலத்தில் than the manager என்பது வசனத்தின் வாலில் தனியாகத் தொங்கும். அது நசீருக்குச் சோடியா, எழுதியவருக்குச் சோடியா என்று அதற்கே தெரியாது. கடைசியில் did என்று ஒரு சின்ன வினைச்சொல் இருந்திருந்தால் நானா எடுத்த பொருள்தான். than-க்கும் the manager-க்கும் நடுவில் we did என்று இருந்திருந்தால் சேர் எடுத்த பொருள்தான்.

ரிசர்வேஷன் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் இரண்டு வசனங்களையும் முழுதாக எழுதிக்கொண்டு சேரின் அறைக்குப் போனேன்.

"சேர், நசீர் நானா போகப் போறேன்னு சொல்றாரு. நீங்க கோவிச்சுக்கிட்ட வசனம் மேல இருக்கு. அவரு மனசு உடைஞ்ச வசனம் கீழ இருக்கு. ரெண்டு பேரும் ஒரே வசனத்துக்குச் சண்டை போடலைங்க."

அவர் இரண்டு வசனத்தையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். "இதில எது சரி?"

"இலக்கணப்படி ரெண்டும் சரிங்க சேர்."

"அப்ப அவன் நினைக்கிறான், அவன் இல்லாத குறை எனக்குத் தெரியேல்லை எண்டு."

"ஆமாங்க. நீங்க சமைச்சதை நான் சொல்லிடட்டுமா? அவரு போக மாட்டாரு."

"சொல்லாதை!" என்றார் சட்டென்று. "இப்ப சொன்னா, போகவேண்டாம் எண்டு கெஞ்சுற மாதிரி இருக்கும். அவனுக்கு வீட்டுக்குப் பக்கத்தில நல்ல வேலை கிடைக்குது. நான் ஏன் குறுக்க நிக்க?"

ஒரு சத்தியம் வாயை அடைத்தது. ஆனால் கொமெண்டுக்குப் பதில் போடுவது என் கடமை. அதற்கு யாரும் தடை போடவில்லை. அன்றே மிஸிஸ் ஹார்லோவுக்கு ஓர் ஈமெயில் எழுதினேன். உங்கள் அன்புக்கு நன்றி, உங்கள் கடைசி வசனத்தை இங்கே இரண்டு பேர் இரண்டு விதமாக வாசித்திருக்கிறார்கள், நீங்கள் நினைத்தது எது என்று தயவுசெய்து சொல்ல முடியுமா என்று கேட்டேன். அனுப்பிய பிறகுதான் பயம் வந்தது. சேர் வாசித்ததுதான் சரி என்று பதில் வந்தால்? கொப்புளம் ஆறாத கையோடு நிற்கும் மனிதரிடம் அதை எப்படிக் காட்டுவது?

வியாழன் முழுதும் பதில் இல்லை. ஹோட்டலில் சத்தமும் இல்லை. சாப்பாட்டு ஓடர்களைச் சேர் துண்டில் எழுதிச் சுமனா அக்காவிடம் கொடுத்து அனுப்பினார். நானா பதிலையும் சுமனா அக்காவிடமே சொன்னார். வாசலுக்கும் அடுப்புக்கும் இடையில் ஓடி ஓடி அந்த மனுஷிக்குக் கால் வலி வந்தது.

பதில்

வெள்ளிக்கிழமை காலையில் பதில் வந்திருந்தது. ஒரு முறை வாசித்தேன். பிறகு எழுந்து நின்று இன்னொரு முறை வாசித்தேன்.

நசீர் நானா வெள்ளைத் தொப்பியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். "நானா, கொஞ்சம் இருங்க" என்றேன். சேரையும் குசினி வாசலுக்கு அழைத்து வந்தேன். ஒருவர் அடுப்பைப் பார்த்தார், மற்றவர் கதவு நிலையைப் பார்த்தார். நான் போனைப் பார்த்து, தமிழாக்கிக்கொண்டே வாசித்தேன்.

"அன்புள்ள சாந்தி, ஐயோ, என்ன செய்துவிட்டேன்! நான் முதலில் எழுதியது நீங்கள் சொன்ன இரண்டும் இல்லை. We missed Nazeer more than the manager ever guessed என்றுதான் எழுதினேன். நசீர் இல்லாத குறையை நாங்கள் எவ்வளவு உணர்ந்தோம் என்று மனேஜர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். பாவம், அவர் ஒரு கிழமை முழுதும் எங்களுக்காகத் தானே சமைத்தார்..."

அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த நசீர் நானா மெல்லத் திரும்பினார்.

"...ஒவ்வொரு வேளையும் வந்து நன்றாக இருக்கிறதா என்று ஆசையோடு கேட்டார். அப்படி ஒரு உறைப்பை நாங்கள் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை. என் கணவர் ஒரு கையால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே பிரமாதம் என்று சொன்னார். நாங்கள் சொன்னது பொய் என்று மனேஜருக்குத் தெரிந்துவிடுமே, மனம் நோகுமே என்று, அனுப்பும்போது கடைசி இரண்டு சொற்களையும் அழித்துவிட்டேன். ஒருவரையும் நோகடிக்கக் கூடாது என்றுதான் அழித்தேன்."

நானா சேரின் பக்கம் ஓரடி வந்தார்.

"சேர் சமைச்சீங்களா?" என்றார் நானா. "என்ட குசினியிலயா?"

"வந்தவன் ஓடிட்டான். வேற என்ன செய்ய?"

"எனக்கு ஒரு கோல் எடுத்து ஈக்கலாமே!"

"எடுத்தா நீ வந்திருப்பாய்."

"வந்துதான் ஈப்பேன்!"

"அதுதான் எடுக்கேல்லை" என்றார் சேர். "பிள்ளையின்ர கலியாணத்தில நீ நிக்கோணும்."

நானாவின் கண் கலங்கியது. அதை மறைக்கவோ என்னவோ, அலுமாரியைத் திறந்து ஒரு போத்தலை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். "யா அல்லாஹ்! அதானே பாத்தேன். என்ட மிளகாத்தூள் எல்லாம் எங்க போனிச்சு எண்டு. ஒரு மாசத்துக்கு வெச்ச தூள், சேர்! அந்த ரெண்டு பேரும் உசிரோட ஊர் போய்ச் சேந்தாங்களே!"

முதலில் சுமனா அக்கா சிரித்தார். அவருக்குத் தமிழ் பாதிதான் விளங்கும். ஆனால் போத்தல் முழுதாக விளங்கியது. பிறகு நான். கடைசியாகக் குகதாசன் சேர், நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானா அவருடைய கையை இழுத்துக் கொப்புளத்தைப் பார்த்தார். "எண்ணைய தூரத்துல நிண்டு ஊத்துறதா? பக்கத்துல போய்த்தான் விடணும். இது தெரியாதா சேருக்கு?" என்று ஏசினார். ஏசுவதைக் கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.

நானா ஜும்மாவுக்குப் போனார். திகன ஹோட்டலுக்குப் போகவில்லை. வராததற்கு மன்னிப்புக் கேட்டுப் போனில் சொல்லிவிட்டதாகப் பின்னேரம் வந்து சொன்னார்.

அன்று மாலை, மிஸிஸ் ஹார்லோவுக்கு இந்த முறை தானே பதில் எழுதுவதாகச் சேர் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் இருந்துவிட்டு வெளியே வந்து தாளை என்னிடம் நீட்டினார். நன்றி, மன்னிப்பு, அடுத்த வருடம் கட்டாயம் வாருங்கள் என்பதெல்லாம் அழகாக இருந்தது. முடிவில் அவர் எழுதியிருந்தது: To tell you the truth, I missed Nazeer more than you.

"சேர்," என்றேன், "இதை இப்படியே அனுப்பினா, அந்தம்மா அடுத்த வருஷம் வர மாட்டாங்க."

"ஏன்? என்ன பிழை?"

"உங்களை விட எனக்கு நசீர்தான் முக்கியம்னும் வாசிக்கலாங்க."

அவர் தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். நான் பேனாவை நீட்டினேன். கடைசியில் did என்று அவரே எழுதினார். I missed Nazeer more than you did.

அந்தப் பதிலை எல்லோரும் பார்க்கும் இடத்தில்தான் போட்டோம். நசீர் நானா அதை மகளுக்கும் மருமகனுக்கும் அனுப்பினார். மருமகன் பெரிதாக அச்சடித்துக் கொடுக்க, அதைக் குசினிச் சுவரில் ஒட்டினார்.

இப்போது என்னோடு புதிதாகச் சேர்ந்தவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு நான் இலக்கண வகுப்பு எடுப்பதில்லை. than வரும் இடத்தில் ஒரு மூச்சு நில்லுங்கள் என்று மட்டும் சொல்வேன். எதை எதோடு ஒப்பிடுகிறோம், யார் செய்ததை யார் செய்ததோடு என்று கேளுங்கள். விடை ஒன்றுக்கு மேல் வந்தால், விட்ட சொல்லைத் திரும்பப் போடுங்கள். did, does, that of என்று எல்லாம் சின்னச் சொற்கள்தான். இடம் அதிகம் பிடிக்காது. ஒருவர் மனம் நோகக் கூடாது என்று ஒரு சொல்லை அழிக்கத் தோன்றினால், அழித்த பிறகு மிச்சம் இருப்பதை, அந்த மனிதரின் கதிரையில் உட்கார்ந்து ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.